அம்மா கொடுக்காத மனு

உங்கள் அம்மா நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு தனி எழுத்து அந்தக் காலத்தில் இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அதை உண்டாக்கியது நான் இல்லை. அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லாம் கத்துவீர்களே, கங சஞ டண தந பம யர லவ ழள றன என்று, அதுதான் பூட்டு, அதுதான் சாவி. க வருகிற இடத்தில் ங போட வேண்டும், ங வருகிற இடத்தில் க. ஒவ்வொரு ஜோடியும் இப்படியே இடம் மாறிக்கொள்ளும். வயிறு என்று எழுத வேண்டுமானால் லரினு என்று வரும். நான் மயிலாப்பூரில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்தே பழகிய கண் எனக்கு. அவள் எழுதியதைச் சாதாரணக் கடிதம் போலப் படித்துவிடுவேன்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். முதல் பிரசவத்துக்கு அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பெற்றவர்கள் இல்லை. அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. செங்கல்பட்டுக்கும் தெற்கே ஏரிப் பாசன ஊர். அந்த ஊருக்கு ஒரு கார்டு வந்தால் அது ஒருத்தருக்கு வந்ததாகக் கணக்கில்லை. தபால்காரர் தெருமுனையிலேயே படித்துக்கொண்டு வருவார். வீட்டில் அண்ணன் உரக்கப் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று கேட்பார்கள். கவரில் போட்டு ஒட்டினால் இன்னும் மோசம். அப்படி என்ன இருக்கிறது என்று எல்லோர் எதிரிலும் பிரிக்கச் சொல்வார்கள். அதனால் கார்டில் முக்கால்வாசி நல்ல தமிழில் மழை, மாடு, உடம்பு சௌக்கியம் என்று இருக்கும். கடைசி நாலைந்து வரி எங்கள் எழுத்தில் இருக்கும்.

அவளுடைய அண்ணன் அந்த வரிகளைப் பார்க்காமல் இல்லை. என் முதல் கார்டு போனபோது அவர் பிள்ளைகள் இது என்ன பாஷை என்று கேட்டு நச்சரித்தார்களாம். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்கடா, அது அவங்க ரெண்டு பேர் பாடு" என்று கார்டை மடக்கி அவளிடம் கொடுத்துவிட்டாராம். நாலு காணி நிலம் உழுகிற மனிதர். அவருக்குத் தெரிந்த அந்த மரியாதை சர்க்காருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உப்பு எடுத்தவர்களைக் கடற்கரையில் தடியால் அடித்த காலம் அது. பெயர் போடாத நோட்டீஸ்கள் ஊரெல்லாம் ஒட்டப்பட்டன. எந்த அச்சுக்கூடத்தில் அடித்தது என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி கல்யாணப் பத்திரிகையும் கோயில் உற்சவ நோட்டீஸும் தவிர வேறெதையும் தொடமாட்டார், அவ்வளவு பயந்த மனிதர். ஆனாலும் எங்கள் விலாசத்துக்கு வருகிற தபால் எல்லாவற்றையும் யாரோ முதலில் படித்துவிட்டுத்தான் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. நான் இருந்தது ஒண்டுக் குடித்தன வீடு, அங்கே கார்டு வந்தால் என் கைக்கு வருவதற்குள் எல்லாக் குடித்தனமும் படித்துவிடும் என்று அவளை அச்சுக்கூடத்து விலாசத்துக்கே எழுதச் சொல்லியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரியிடமிருந்து தப்பி நேராகப் போலீஸ் வாயில் போய் விழுந்தோம்.

ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து, கையில் மையோடு நின்ற என்னை அப்படியே கூட்டிக்கொண்டு போனார். முதலாளி வாசல் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் உங்கள் அம்மாவின் கார்டுகள் வரிசையாக இருந்தன. சில எனக்கு வந்து சேர்ந்தவை, அவற்றுக்கு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று எனக்கு வந்தே சேராதது. அதைத்தான் நான் பத்து நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

கான்ஸ்டபிள்தான் ஆரம்பித்தார். "இன்னாபா இது, லரினு லரினுன்னு? கார்டுக்கு கார்டு வந்துகினே கீது. குண்டுக்குப் பேரா?"

வயிறு என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் மாதிரி பேசவும் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, எனக்கு உட்கார ஸ்டூல் காட்டிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"தப்பு இல்லேன்னா எதுக்கு மறைக்கணும்? நல்ல குடும்பத்துப் பொண்ணு, புருஷனுக்கு எழுதறதை எல்லாரையும் போல எழுதறதுக்கு என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்கு எழுதுகிறாள் என்பதுதானே காரணம், அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? சாவியைச் சொல்லாவிட்டால் அச்சுக்கூடத்தைப் பூட்டிச் சீல் வைப்பதாகச் சொன்னார். ஆறு குடும்பம் அதில் பிழைத்தது. சொன்னேன். அவர் ஒரு தாளில் கங சஞ என்று எழுதிப் பார்த்தார். "ஒண்ணாங் கிளாஸ் பாடம்" என்று சொல்லி, கான்ஸ்டபிளிடம் கொடுத்து, என்னிடம் வந்து சேராத அந்தக் கார்டைப் பிரித்துப் படிக்கச் சொன்னார்.

கான்ஸ்டபிள் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். கள்ளுக்கடைச் சண்டையில் பிடித்து வந்த இரண்டு பேர், புகார் கொடுக்க வந்த ஒரு ஜட்கா வண்டிக்காரர், எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் உங்கள் அம்மாவின் பேச்சு ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அண்ணி எனக்குப் பழைய சோறுதான் போடுகிறாள். அண்ணன் கழனிக்குப் போன பிறகு போடுகிறாள், அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவளை அடிப்பார், என்னால் அந்த வீடு கெடக் கூடாது. வயிறு கனக்கிறது, ராத்திரியெல்லாம் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து, இங்கே மாமியார் வகையில் நேர்த்திக்கடன் என்று ஏதாவது சொல்லி, யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

படித்து முடித்தபோது கான்ஸ்டபிள்கூடச் சிரிக்கவில்லை. ஜட்கா வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜத் துரோகம் அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து கும்பிட்டேன். ஐயா, இது பெண்பிள்ளைகள் சங்கதி, இது அவள் அண்ணன் காதுக்குப் போகக் கூடாது, அதற்காகத்தானே இப்படி எழுதியிருக்கிறாள் என்று கெஞ்சினேன். சப்-இன்ஸ்பெக்டர், "நீ சொல்ற அர்த்தம் நெசமான்னு நாங்க விசாரிச்சுத்தானே ஆகணும்" என்றார். அவருடைய கடமையில் அது ஒரு வரி. அந்தக் கார்டில் இருந்ததை நல்ல தமிழில் நகல் எடுத்து, அந்த ஊர் கிராம முன்சீப்புக்கு அனுப்பி வைத்தார்கள்.

நானும் உடனே ஓடிப்போய் அவளை அழைத்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். விசாரணை முடிகிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னை வெளியே விட்டார்கள்.

அங்கே நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. முன்சீப்பு சாவடிக்கு அவள் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பி, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டிருக்கிறார், உன் வீட்டில் வாயும் வயிறுமாக இருக்கிற தங்கச்சிக்குப் பழைய சோறுதான் போடுகிறாயாமே, நிஜமா என்று. அந்த ஊரில் சர்க்கார் கையில் ஒரு காகிதம் இருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கார் தானாகவே ஒரு பெண்ணின் கார்டை எடுத்துப் படிக்கும் என்று அங்கே யாருக்கும் கனவிலும் தோன்றாது. முன்சீப்புக்கே தோன்றவில்லை. உன் தங்கச்சி போலீசுக்கு மனு எழுதிவிட்டாள் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார்.

அதற்கு இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் சந்து முனையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அண்ணன் தங்கையைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். டிரங்குப் பெட்டியை இறக்கினார். வழியில் அவளுக்காக வாங்கிய இளநீர்கூட ஒன்று வண்டியில் இருந்தது, அதையும் இறக்கி வைத்தார். வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"மாப்ளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் பொண்டாட்டி கையை ஒடிச்சுப் போட்டுட்டு நானே ஆக்கிப் போட்டிருப்பேன். சர்க்காருக்கு மனு எழுதிட்டாளே" என்றார்.

நான் பதறிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர்களே எடுத்தார்கள், அவர்களே பிரித்தார்கள், நாங்கள் யாரிடமும் போகவில்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிற பார்வை அது.

"ஏன் மாப்ளே, உன் பொண்டாட்டி கடுதாசியைப் படிக்கிறதைத் தவிர சர்க்காருக்கு வேற சோலி இல்லையா?"

அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். உங்கள் அம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அண்ணனுடைய மேல்துண்டு சந்து முனை திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள்.

அடுத்த போர்ஷனில் சாந்தோம் கரையிலிருந்து மீன் எடுத்து விற்கிற ஒரு அம்மாள் இருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, உங்கள் அம்மாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இன்னா நைனா மரம் மாதிரி நின்னுகினு கீற? புள்ளைய உள்ள இட்டுகினு போ" என்று அதட்டினாள். பிரசவம் பார்த்ததும் அவள் கூட்டி வந்த மருத்துவச்சிதான். போலீஸ் தேடிய லரினுவுக்குள் இருந்தது நம் பெரியவன்.

குழந்தை பிறந்த பிறகு நான் மறுபடி அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல், நானாக. நோட்டீஸ் அடித்தவர்கள் வேறு எங்கோ அகப்பட்டுவிட்டார்கள், எங்கள் பேரில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இந்தக் கார்டைப் போலீஸ்தான் தபாலிலிருந்து எடுத்தது, இந்தப் பெண் மனு எதுவும் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதைக் கொண்டுபோய் அவள் அண்ணனிடம் காட்டுகிறேன். ஒரு குடும்பம் சேர்ந்துவிடும்.

அவர் அதே ஸ்டூலைக் காட்டினார். அதே நிதானத்தோடு பதில் சொன்னார். "அப்படி ஒண்ணு நடந்ததுன்னே எழுத முடியாதுய்யா. அதெல்லாம் டிபார்ட்மெண்ட் ரகசியம்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. தப்பு இல்லையென்றால் எதற்கு மறைக்க வேண்டும் என்று என்னைக் கேட்ட அதே வாய். பசிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் புருஷனுக்கு எழுதினால் அதைப் பொதுவில் போட்டுப் பிரித்துப் படிப்பார்கள். தாங்கள் செய்ததை மட்டும் ஒரு வரி சொல்ல மாட்டார்கள். நான் வெளியே வந்து குளக்கரைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் எழுத்துக் கோர்ப்பதில் அத்தனை பிழை விட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

ஒருமுறை ஊருக்கே போய் அவள் அண்ணனைப் பார்த்தேன். சாப்பாடு போட்டார். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினார். தங்கை பேச்சை எடுத்ததும் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து, போலீஸ் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தால் காட்டு என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன மாப்ளே" என்றார்.

பெரியவனுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தானே குத்த வேண்டும்? உங்கள் அம்மா ஒரு கார்டு வாங்கி வரச் சொன்னாள். அன்றைக்குப் பிறகு அவள் எங்கள் எழுத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுதச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தக் கார்டை நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினாள். அண்ணனுக்கு நமஸ்காரம், இன்ன தேதிக்குக் காது குத்து, நீங்கள் மடி கொடுக்க வர வேண்டும், நான் மனு கொடுக்கவில்லை. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் மீதி இருந்தது. சற்று யோசித்து, அதிலும் எழுதினாள். இதை நடுவில் படிக்கிற ஐயா அவர்களுக்கும் நமஸ்காரம். இவள் மனு கொடுக்கவில்லை, நாங்கள்தான் எடுத்தோம் என்று தாங்கள் இந்த இடத்திலேயே ஒரு வரி எழுதி அனுப்பிவைக்கவும்.

எழுதி, கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருந்தாள். நான் அதைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அந்த நாள் வந்தது. பொற்கொல்லர் தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்து, தாய்மாமன் எங்கே என்று கேட்டார். வெயில் ஏறுகிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு அந்த மீன்கார அம்மாள், "எந்தம்பி சும்மாதான் கீறான், அவன் மடி மடி இல்லியா?" என்று தன் தம்பியைக் கூட்டி வந்து மணையில் உட்கார வைத்தாள். பெரியவன் அவர் மடியில் வீறிட்டு அழுதான்.

உங்கள் மாமன் கோபத்தால் வரவில்லையா, அந்தக் கார்டே அவருக்குப் போய்ச் சேரவில்லையா, எங்களுக்குத் தெரியாது. யாரைப் போய்க் கேட்பது?