எஞ்சின் மூடிக்கு நான்கு போல்ட்

படகுத்துறைக்கு எதிர்ச் சந்தில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவளை எல்லோரும் பட்டறை அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த படகோட்டிகளுக்கும் அவள் அக்காதான். கீலோ கொக்கியோ தாழ்ப்பாளோ, எது கழன்றாலும் அவளிடம்தான் வர வேண்டும். அவள் மாட்டிய எதுவும் தானாகக் கழன்றது என்று அதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

ஒருநாள் காலையில் அவளுடைய தம்பியே வந்தான். அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு அவனுடையது. எஞ்சினின் மர மூடியை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளில் இரண்டு துருவேறி ஒடிந்துவிட்டன. முந்தின நாள் அடித்த காற்றில் மூடி படாரென்று திறந்து, ஒரு பயணியின் முழங்காலைப் பதம் பார்த்திருந்தது.

“புதுசு வாங்கிட்டு வந்திருக்கேன்கா. மாட்டிக் கொடுத்தா போதும்.”

கொக்கிகள் பளபளத்தன. அவள் காந்தத்தை அருகே கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“இரும்புக்கு மேல முலாம்டா. உப்புத் தண்ணி பட்டா ஒரு மழைக்குத் தாங்காது. கடைக்காரன் உன் மூஞ்சியப் பாத்ததுமே தள்ளி விட்டுட்டான்.”

“என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?”

“அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. அதுக்குப் பின்னாடிதான்.”

கொக்கியே வேண்டாம் என்று முடிவு செய்து, கருவிகளோடு படகுக்குப் போனாள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை மூலைக்கு ஒன்றாகக் கொடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு நட்டை முறுக்கினாள். மூடியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. கருவிகளைப் பட்டறையில் போட்டுவிட்டு வந்தாள்.

“வா, ஒரு சுத்துப் போய்ப் பாப்போம்” என்று அவளே படகில் ஏறினாள்.

பாதி தூரம் போயிருப்பார்கள். மூடியின் விளிம்பிலிருந்து புகை கசிந்தது. ரப்பர் கருகும் நாற்றம். தம்பி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். புகை நிற்கவில்லை, கறுத்துத் திரண்டது. டீசல் தொட்டி பக்கத்துப் பலகைக்கு அடியில்தான் இருந்தது.

“ஸ்பேனரை எடுடா!”

அவன் நகரவில்லை. மூடியையே பார்த்தான்.

“உள்ள இருக்குக்கா.”

படகில் நனையாத இடம் எஞ்சின் மூடிக்கு அடியில் மட்டும்தான். கருவிப் பெட்டியை அவன் எப்போதும் அங்கேதான் வைப்பான். அதற்குத் தட்டு அடித்துக் கொடுத்ததே அவள்தான். அன்று காலை துளை போடும்போது பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்ததும் அவள்தான். அவளுடைய ஸ்பேனரோ பட்டறை மேசையில் கிடந்தது.

வெறுங்கையால் நட்டைப் பற்றித் திருகினாள். விரல்தோல் உரிந்ததே தவிர நட்டு இம்மியும் நகரவில்லை.

“அக்கா, நீ குதிச்சிடு. நீந்திடுவே.”

“நீ?”

“படகை விட்டுட்டு நான் எங்கக்கா போவேன்?”

முன்பக்கம் ஓடி நங்கூரத்தைத் தூக்கிவந்து மூடிக்கு மேல் ஓங்கினாள். வழக்கமாக அவன் மட்டுமே தூக்கும் பாரம்.

“மூடி போயிடும்கா!”

“போகட்டும்டா!”

மூன்றாவது அடியில் மூடி பிளந்தது. உள்ளிருந்து தீ நாக்கை நீட்டியது. அவன் படகில் கிடந்த சாக்குகளைத் தண்ணீரில் முக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அமுக்கினான். தண்ணீர் பம்பு இறுகி, பெல்ட் தேய்ந்து எரிந்து, பக்கத்து ஒயரிலும் தீ பிடித்திருந்தது. தொட்டிப் பக்கம் இன்னும் போகவில்லை.

அடங்கிய பிறகு படகு தன்பாட்டுக்கு மிதந்தது. மூடி சுக்குநூறாகியும் நான்கு மூலைகள் மட்டும் போல்ட்டோடு அப்படியே நின்றன.

“உன் வேலை மட்டும் அசையலக்கா” என்று சிரிக்கப் பார்த்தான் தம்பி.

அவள் கரிந்த பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் மாட்டினாள். ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. ஒரு நட்டைக் கழற்றி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

“பாத்தியாடா” என்றாள். “ஸ்பேனர் வெளிய இருந்திருந்தாலும் ஒரு நட்டுக்கே இவ்வளவு நேரம் ஆயிருக்கும்.”

இன்னும் மூன்று நட்டுகள் இருந்தன. அவள் ஸ்பேனரை அடுத்ததில் மாட்டினாள்.