பாலஸ்தீனத் தொலைபேசிகளுக்குக் காவலிருந்தேன்

ஓவியக்கூடத்தில் காவல் உட்காருவது சும்மா இருந்து சம்பளம் வாங்கும் வேலை என்று நினைப்பவர்கள், ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கட்டும். என்னைப் போல் இடுப்பு ஒடிந்தவர்களுக்குத்தான் அது புரியும். யாங்கோனில், லத்தா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கூடம். போன மழைக்காலத்தில் படமே இல்லாத ஒரு கண்காட்சி வந்தது. பாலஸ்தீனப் பெண் கலைஞர் ஒருவர், ஊரை இழந்து கூடாரங்களில் கிடக்கும் தம் மக்கள் அன்றாடம் பேசுவதைப் பதிவு செய்து, பன்னிரண்டு பழைய தொலைபேசிகளில் வைத்திருந்தார். ரிசீவரை எடுத்தால் அரபியில் ஒரு குரல் கேட்கும். பக்கத்துச் சுவரில் பர்மிய மொழியில் அர்த்தம் இருக்கும். 'மழை வருது, துணியை எடு.' 'அடுப்பை அணைச்சியா?' இவ்வளவுதான்.

வெங்காய வியாபாரி

மழைக்கு ஒதுங்கிய தமிழர் ஒருவர், வெங்காய மொத்த வியாபாரி, குடையை மடக்கிக்கொண்டு ஒவ்வொரு ரிசீவராக எடுத்துப் பார்த்தார். "வீட்டுல தினம் ஓசியில கேக்கறதைக் கேக்க இங்க வேற வரணுமாண்ணே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏழாவது தொலைபேசியில் ஒருவர் 'கதவைப் பூட்டிட்டு வா' என்கிறார். அவருக்கு வீடு இடிந்துவிட்டது, இருப்பது கூடாரம் என்று சொன்னேன். வியாபாரி மறுபடி ரிசீவரை எடுத்து, புரியாத அரபியைக் கடைசிவரை கேட்டார்.

"அப்ப எந்தக் கதவைண்ணே பூட்டச் சொல்றாரு?"

பதின்மூன்றாவது தொலைபேசி

வாசலருகே இன்னொரு தொலைபேசி இருந்தது. வருகிறவர்கள் தங்கள் வீட்டில் வழங்கும் பேச்சை அதில் பதிவு செய்யலாம். ஹலோ ஹலோ, இருமல், தவறிப் பதிவானது எல்லாவற்றையும் மாலையில் அழிப்பது என் பொறுப்பு. ரிசீவரைப் பிடித்தவுடன் எல்லோருக்கும் மேடை ஞாபகம் வந்துவிடும். அமைதி, மனிதநேயம் என்று முழங்குவார்கள். நான் அவற்றைப் பத்திரமாக வைத்தேன். கூடத்தின் பொறுப்பாளர் டோ மியா ஒருநாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்த மாதிரி யாரு வீட்டுலயாவது பேசுவாங்களா?"

லைங் தாயாவிலிருந்து வந்தவள்

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் வந்தாள். ஊரின் ஓரத்தில் இருக்கும் லைங் தாயாவில் தையல் தொழிற்சாலையில் வேலையாம். முந்திய வாரமும் வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. வடக்கே நடந்த சண்டையில் அவள் ஊர் எரிந்து, அம்மா ஒரு மடாலயத்தில் அடைக்கலமாக இருந்து அங்கேயே இறந்துபோனார். அம்மா அனுப்பியிருந்த ஒரே குரல்பதிவைத் தன் கைபேசியில் ஓடவிட்டு, அதை எங்கள் தொலைபேசியில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். வியாழக்கிழமை தொழிற்சாலைப் பஸ்ஸில் கைபேசியை யாரோ திருடிவிட்டார்கள்.

"ஊலே" என்று என்னை மாமா முறை வைத்துக் கூப்பிட்டாள். "ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

எனக்கு உடனே நினைவு வந்தது. கோழி கத்தும் சத்தம், நடுவில் ஒரு பெண் குரல், அரிசி என்று ஏதோ. யாரோ போன் பேசும்போது தவறிப் பதிவாகிவிட்டது என்று நினைத்து அன்றைக்கே அழித்துவிட்டேன். அவளிடம் மெஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். அப்படியானால் அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாள். இரண்டு பஸ் மாறி வருகிறவள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

அவள் அந்த ரிசீவரை எடுத்துக் காதில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பரவாயில்ல ஊலே. பெருசா ஒண்ணும் சொல்லல அம்மா. அரிசியில வண்டு விழுந்திரும், வெயில்ல காயப்போடுன்னாங்க. அவ்வளவுதான்."

சாதாரணப் பேச்சு தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த கண்காட்சியில், சாதாரணப் பேச்சாக இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்து அழித்த காவல்காரன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.