கவ்வாத்துச் செடி குத்திய தழும்பு

போன கிழமை ஒரு டாக்டர் என்னை ரூமை விட்டு வெளியே போகச் சொன்னார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திய டீச்சர் நான்... என்னையே!

கோபம் வராதா? வந்தது. அது எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கரப்பத்தனையில் இருக்கிற என் மதினியைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போயிருந்தேன். காலமான என் அண்ணனின் மனைவி. அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், செடிகளைக் கத்தரித்து விடுகிற வேலை. மதினி இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். அதிலிருந்து வயிறு மடிந்து தொங்கிவிட்டது.

வயிற்றுச் சதையை வெட்டி எடுத்துத் தைக்கிற ஆபரேஷன் இருக்காமே என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்த வயசுல அழகு ராணிப் போட்டிக்கா மதினி?" என்று கேட்டும் விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சேலையை விலக்கிக் காட்டினார்.

மடிப்புக்கு அடியில் தோல் வெந்து, சிவந்து, புண்ணாகிக் கிடந்தது. ஈரச் செடிக்குள் நிற்க வேண்டுமென்றால் இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற தடித்த சாக்குத் துணியைக் கட்டியாக வேண்டும். அதுவும் இறுக்கிக் கட்ட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை வேர்வையும் உராய்வும் அந்த மடிப்புக்குள்தான். மருந்து பூசினால் ஆறும். அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பற்றாததற்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய் வேறு. அழகாம் அழகு... என் வாய்க்குத்தான் முதலில் தையல் போட வேண்டும்!

டாக்டர் சிங்களவர், தன்மையான மனிதர். அவர் கேட்பதை நான் மதினிக்குச் சொல்ல, மதினி சொல்வதை அவருக்கு நான் சொல்ல — அப்படி ஏற்பாடு. அடிவயிற்றுச் சிசேரியன் தழும்பைப் பார்த்தார். இது பரவாயில்லை, எடுக்கிற தோலோடு இதுவும் போய்விடும் என்றார். மதினியின் முகத்தில் வெளிச்சம்.

அப்புறம் வலது விலாவுக்குக் கீழே அவர் விரல் நின்றது. சாய்வாக, நீளமாக ஒரு பழைய தழும்பு.

"இது என்ன ஆபரேஷன்?"

ஆபரேஷன் இல்லை, சின்ன வயதில் கவ்வாத்து வெட்டிய செடியில் விழுந்து குச்சி கிழித்தது என்றார் மதினி. எனக்குத் தெரிந்த கதைதானே? அப்படியே சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, வெளியே கொஞ்சம் இருங்கள், தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறார் என்றார்.

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செடியும் இல்லை, குச்சியும் இல்லை. பதினாலு வயதில் ஈரலில் சீழ் கட்டி, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். தழும்பின் இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள் இருந்ததை டாக்டர் கவனித்திருக்கிறார். முப்பது வருஷமாக நான் பார்க்காத புள்ளிகள்!

இந்த ஆபரேஷனில் வயிற்றுத் தோலைத் தூக்கிக் கீழே இழுத்துத் தைப்பார்களாம். அப்போது அந்தத் தோலுக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் ரத்தம் வர வேண்டும். மேலே ஆழமாக வெட்டிய பழைய தழும்பு இருந்தால் அந்த வழி அறுந்திருக்கும். கீழே உள்ள தோல் கறுத்து அழுகிப் போகலாம். சீனியும் இருப்பதால் புண் ஆறுவது இன்னும் கஷ்டம். இவருக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். சீனியைக் குறைத்துக்கொண்டு வந்தால் சின்னதாக ஏதும் செய்ய முடியுமா என்று பார்க்கலாம்... நிச்சயமில்லை.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் மதினி கேட்டார்: "மேல் லயத்துல பைப்ப வெட்டிட்டா கீழ் லயத்துக்குத் தண்ணி வராது. அதானே பாப்பா?"

அதேதான். தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில், தண்ணீர் மேலிருந்துதான் இறங்கி வரும்.

ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். ஏன் மதினி என்னிடம்கூடச் சொல்லவில்லை?

"நீ சொன்னது ஒனக்கு ஞாபகமில்லையா?"

கல்யாணத்துக்கு முதல் நாள். நலுங்கு வைத்துப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மாப்பிள்ளையின் தங்கச்சியான என்னை அம்மா அனுப்பிவைத்தார். பெண்ணின் உடம்பில் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். வெட்கமில்லாமல் போனேன். தழும்பைப் பார்த்துக் கேட்டேன். செடி குத்தியது என்று அவர் சொன்னதும் நான் சொன்னேனாம்: "நல்லவேள மதினி. வயித்துல கத்தி வெச்ச பொண்ணுன்னா எங்கம்மா கல்யாணத்தையே நிப்பாட்டியிருப்பாங்க."

எனக்கு மறந்தே போனது. அவருக்கு எப்படி மறக்கும்?

ஜன்னலைப் பார்த்தபடியே மதினி சொன்னார். அண்ணனும் கடைசி வரைக்கும் அதையே நம்பியிருந்தார். கவ்வாத்து நாளில் எல்லாரும் போன பிறகும் நின்று, கூராக நீட்டிக்கொண்டிருக்கிற குச்சிகளை ஒவ்வொன்றாக மழுக்கிவிட்டுத்தான் லயத்துக்கு வருவாராம். யார் வீட்டுப் பொம்பளையும் இப்படி விழுந்திரக் கூடாது என்பாராம்.

"ஆபரேஷன் நடக்காதது போகட்டும் பாப்பா. அந்த மனுசன்கிட்ட உண்மையச் சொல்லாமயே அனுப்பிட்டேனே..."

கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மதினி படங்கு கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பேர் போடாமல் எழுது, இன்னொருத்தி என்னை மாதிரி மறைக்கக் கூடாது என்று அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

கத்தி வைக்கப் போகிற டாக்டரிடம் பழைய தழும்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வரவில்லையா? கூட வந்த நாத்தனாரை முதலில் வெளியே போகச் சொல்லுங்கள்.