மெதக்கும்

திண்டுக்கல்லில் கப்பல் கட்டுகிறோம் என்றால் கேட்பவர் முதலில் சிரிப்பார். கோடையில் குடிநீருக்கே குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர் இது. கடல் வெகுதொலைவில் இருக்கிறது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு பல் மருத்துவமனையின் உள்ளறையில் நாங்கள் மூவர் கூடிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தோம். முழங்கை நீளமே உள்ள கப்பல்கள் அவை. உண்மையான கலத்தின் அளவுகளை ஒரே விகிதத்தில் குறைத்து, பலகைக்குப் பலகை, கயிற்றுக்குக் கயிறு ஒப்புமை பிறழாமல் செய்யப்படும் சிறு வடிவங்கள்.

மூவரில் ஒருவர் அம்மருத்துவமனையை நடத்தும் பல் மருத்துவர். காலையில் தேவாலயத்துக்குச் சென்று வந்து, உணவருந்திய கையோடு எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பார். இன்னொருவர் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையொன்றில் ஃபிட்டராக இருந்தவர். மூன்றாமவன் நான், கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்களைச் சேர்த்துவைத்தவர் ஒரு மரக்கடைக்காரர். தேக்கின் மெல்லிய தகட்டைக் கையகலத்துக்குக் கேட்டு நச்சரிக்கும் கிறுக்கர்கள் தம் கடைக்கு மூவர் வருவதாகவும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் முழுத் தகடாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்றும் அவர்தான் சொன்னார்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி உண்டு. பிறர் கப்பலில் கை வைப்பதில்லை. கருவியை இரவல் தரலாம். விளக்கைத் திருப்பிப் பிடிக்கலாம். வேண்டாத மரத்துண்டில் செய்து காட்டலாம். கப்பலைத் தொடக் கூடாது. சேர்ந்த புதிதில் என் பலகையொன்று பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. அதை அழுத்திவிட மருத்துவர் கை நீட்டினார். ஃபிட்டர் அவருடைய மணிக்கட்டை மெல்லப் பற்றினார்.

"டாக்டரே, அவுக பல்ல அவுகதான வெளக்கணும்?"

சிரித்து முடித்தபோது அது விதியாகிவிட்டிருந்தது. அன்றுதொட்டுப் பிறர் கப்பலைப் பார்க்கும்போது கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்வது எங்கள் வழக்கமாயிற்று.

என் முதற்கப்பலின் உடல், உலர்ந்த வாழைமடலைப் போல் ஒருபுறம் முறுக்கிக்கொண்டது. அதை எறிந்துவிடும் எண்ணத்துடனேயே எடுத்துச் சென்றிருந்தேன். ஃபிட்டர் கைகளைப் பின்னே கட்டியவாறு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு, "மெதக்கும்" என்றார்.

எங்கள் கப்பல்கள் நீரைத் தொடுவனவல்ல, கண்ணாடிப் பேழைக்குரியவை. அடியில் எடை கிடையாது, பாய்மரங்களோ உயரமானவை. நீரில் விட்டால் கவிழும் என்பதை மூவரும் அறிவோம். எனவே அச்சொல்லுக்கு எங்களிடையே வேறொரு பொருள் ஏற்பட்டது: கைவிடாதே, மேலே செய். யாருடைய வேலை தளர்ந்தாலும் மற்ற இருவரும் கேளாமலே அதைச் சொல்வோம். நான் மட்டும் "மிதக்கும்" என்பேன். பழக்கம் அப்படி. "தமிழய்யா கப்பலு மிதக்கும், நம்ம கப்பலுக மெதக்கும்" என்று ஃபிட்டர் என்னைக் கேலி செய்வார்.

அவர் கட்டியது ஒரு தோணி. இளவயதில் தூத்துக்குடித் துறையில் ஒரே ஒருமுறை கண்ட மூன்று பாய்மரச் சரக்குத் தோணி. ஆலையின் கழிவு நூலை முறுக்கிக் கயிறு திரித்தார். மனைவியின் பழைய சின்னாளபட்டிச் சேலையில் புள்ளியில்லாத பகுதியைக் கத்தரித்துப் பாய் தைத்தார். அந்த அம்மையார் அதற்குச் சேலையைத் தந்துவிட்டு, தாம் இதுவரை ஏறியிராத கப்பலில் தம்முடைய சேலை முதலில் ஏறிவிட்டதாகச் சொன்னாராம். அதை ஃபிட்டர் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

உடற்பலகைகள் முடிந்து கயிறு கட்டும் வேலை தொடங்கிய காலத்தில்தான் அவருடைய வலக்கைப் பெருவிரல் நடுங்கத் தொடங்கிற்று. தூக்கமின்மை என்றார், ஆலையில் இரவுமுறை என்றார். நடுக்கம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. மதுரையில் பார்த்த மருத்துவர் அதனை நடுக்குவாதம் என்றும், தணிக்கலாமே ஒழிய நீக்க இயலாது என்றும் சொல்லிவிட்டார். ஆலை வேலையை விட வேண்டியதாயிற்று. அதைக்கூட அவர் பெரிதாகப் பேசவில்லை. அவர் அஞ்சியது வேறொன்றுக்கு.

"கையி ஓயிறதுக்குள்ள இத முடிச்சிரணும்யா. என் கையால. அம்புட்டுத்தான்."

தோணியின் இருபுறமும் பாய்மரங்களை இழுத்து நிறுத்தும் கயிறுகள் எஞ்சியிருந்தன. தலைமயிரினும் சற்றே தடித்த நூலில், கடுகளவு முடிச்சுகள். மருத்துவரோ நானோ செய்தால் சில ஞாயிறுகளில் முடிந்துவிடும். விதி குறுக்கே நின்றது. அதைத் தளர்த்தலாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் நா எழவில்லை; அப்படிச் சொல்வது அவர் கை ஓய்ந்துவிட்டதென்று நாங்களே அறிவிப்பதாகும்.

அதற்குப் பதிலாக மருத்துவர் அவரை நோயாளிகளின் நாற்காலியில் அமர்த்தினார். முழங்கைகள் இரண்டையும் நாற்காலியின் கைகளோடு சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டினார். வாய்க்குள் பாய்ச்சும் விளக்கைத் தோணியின்மேல் திருப்பினார். மணிக்கட்டு அசையும், முழங்கை அசையாது. மருந்து வேலை செய்யும் சிறு பொழுதில் ஒரு முடிச்சு விழும். சில நாள்களில் அதுவும் விழாது. "பல்லு புடுங்காம இம்புட்டு நேரம் இந்த நாற்காலியில ஒக்காந்தவன் நானாத்தான் இருப்பேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம், அவர் விரல்களைப் பார்க்காதிருப்பதற்கு அச்சிரிப்பு உதவிற்று.

அவருக்கு முன்னால் எங்கள் கப்பல்கள் முடிந்துவிடக் கூடாது என்று நானும் மருத்துவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் ஞாயிறன்று கட்டிய கயிறுகளை நான் வீட்டில் அவிழ்த்துவிட்டு, மறுவாரம் மீண்டும் கட்டினேன். மருத்துவர் தம் கப்பலுக்கு வண்ணம் பூசிச் சுரண்டினார், சுரண்டிப் பூசினார். ஒருநாள் ஃபிட்டர் நாற்காலியில் சாய்ந்தவாறே என் மேசையை நெடுநேரம் நோக்கினார்.

"என்ன தமிழய்யா, ஒங்க கப்பலு பின்னால போகுதா?"

நான் நூற்கண்டைத் தேடுவதுபோல் குனிந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செத்த நேரம் அந்த வெளக்கத் தாழ்த்துங்க டாக்டரே" என்றார். அவர் அறிந்துகொண்டார் என்பதை நாங்களும் அறிந்தோம். அதன்பிறகும் நான் அவிழ்த்தேன், அவர் கேட்கவில்லை.

தோணியை அவரே முடித்தார். ஆனால் இடப்புறக் கயிறுகள் கை ஓரளவு அடங்கியிருந்த மாதங்களில் கட்டப்பட்டவை, விண்ணென்று நின்றன. வலப்புறத்தவை பிற்பாடு கட்டியவை, தொய்ந்திருந்தன. கடைசி முடிச்சு விழுந்த பிற்பகலில் பட்டைகளை அவிழ்த்துவிட்டோம். அவர் தம் தோணியைப் பார்த்தார். தொய்வு அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. வழக்கமாகக் கேளாமலே சொல்லப்படும் சொல்லை அன்று அவர் கேட்டார்.

"மெதக்குமா?"

"மெதக்கும்" என்றார் மருத்துவர்.

"மிதக்கும்" என்றேன் நான்.

"தமிழய்யா கப்பலுதான் மிதக்கும்" என்று அவர் தலையசைத்தார். "என் கப்பலு மெதக்கணும்."

அதன்பின் அவர் ஞாயிறுகளில் வரவில்லை. நாங்கள்தாம் வேடசந்தூருக்குப் போய் வந்தோம். கட்டிலிலிருந்து பார்க்கும்படி தோணியை அலமாரியின்மேல் வைத்திருந்தார்கள். பேச்சுக் குழறியது, பிறகு குறைந்தது. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலைப்பொழுதில் இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்தபின் அவர் மனைவி எங்கள் இருவரையும் வரச் சொன்னார். தோணியைக் கூடத்தில் எடுத்து வைத்திருந்தார். வாரந்தோறும் வீட்டுக்கு வந்து, டாக்டர் இன்று இப்படிச் சொன்னார், தமிழய்யா இன்று இப்படிச் சொன்னார் என்று கணவர் ஒப்பிப்பதை அத்தனை ஆண்டுகள் கேட்டவர் அவர். எங்கள் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே அவர் வாங்கி வைத்திருந்தார்.

"மெதக்கும்னு நீங்களுந்தானய்யா சொன்னீக? ஒரு தடவ தண்ணியில விட்டுப் பாத்துர்றேன். அவுக பாக்கல. நானாச்சும் பாக்குறேன்."

அது ஊக்கத்துக்காகச் சொல்லப்பட்ட சொல் என்று விளக்க என்னால் முடியவில்லை. சொற்களின் பொருளை விளக்கியே பிழைத்தவன் நான். மருத்துவர்தான், உள்ளே சிறிது ஈயம் வைத்துத் தருவதாகவும், இல்லாவிடில் தோணி சாயக்கூடும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மையார் தோணியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒங்க கப்பல்ல அவுக எப்பவாச்சும் கை வச்சாகளா?"

"இல்லம்மா."

"அப்ப வேணாம்."

அகரம் என்ற ஊரில் அந்த அம்மையாரின் பிறந்த வீட்டுக்கு அருகே ஒரு குளம். அவ்வாண்டு மழையில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கினார். தோணியை வைத்தார், சற்றுநேரம் பிடித்திருந்தார், விட்டார்.

அது நின்றது. ஒரு மூச்சுப் பொழுது நிமிர்ந்தே நின்றது. பிறகு பழஞ்சேலைப் பாய்களில் காற்றுப் பிடித்தது. இறுகிய இடப்புறம் நோக்கி மெல்லச் சாய்ந்து, பாய்மரங்கள் மூன்றும் நீரில் படுத்தன. மருத்துவர் ஓரடி முன்வைத்து நின்றுவிட்டார். என் கைகள் முதுகுக்குப் பின்னே ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன.

தோணி மூழ்கவில்லை. மரமல்லவா? ஒருக்களித்துக் கிடந்தபடியே, பாய்கள் நீரில் விரிந்திருக்க, அலைக்கு ஏறியும் தாழ்ந்தும் கரையோரமாக நகர்ந்தது. அந்த அம்மையார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெதக்குது" என்றார்.

மாணவர் விடைத்தாள்களில் எத்தனையோ முறை நான் சிவப்பு மையால் அடித்த வடிவம் அது.

"ஆமா தங்கச்சி," என்றேன். "மெதக்குது."