மூன்று மடிப்பு

"ஏட்டி, அடுத்தவ வாயைக் கட்டுன கதை உனக்கு எதுக்கு? முதல்ல உன் வாயைக் கட்டு" என்று, கதை கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏசிவிட்டுத்தான் இதைச் சொன்னேன்.

வாயைக் கட்டியவள், பருத்தி அரவை மில்லில் என் பக்கத்தில் பஞ்சு பொறுக்கியவள். வற்றிய உடம்பு, கண் மட்டும் பெரிசு. டாக்டர் டி.பி. என்று சொல்லிவிட்டார். வாயையும் மூக்கையும் மூடாமல் கைப்பிள்ளையைத் தூக்கக் கூடாதாம். வெளியே தெரிந்தால், ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் எங்கள் வளவை விட்டே அவளை விரட்டிவிடுவார்கள்.

பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்துத் தைத்தாள். தட்டையாகக் கட்டியது மூக்கை அமுக்கியது, பேசினால் நழுவியது. அதைப் பிரித்து, சேலைக் கொசுவம் போல மூன்று மடிப்பு வைத்தாள். துணி தாடை வரை விரிந்தது.

"மூச்சு முட்டல, மதினி. இனிப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடலாம்."

"நீ பாடுனா பிள்ளை பயந்துல்லா அழும்."

அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. பேசுமுன் மடிப்பை விரலால் இழுத்துவிடுவது அவள் பழக்கம். அப்படி இழுத்துவிட்டு, அதேபோல மடித்துத் தைத்த இன்னொரு துணியை என் கையில் வைத்தாள். எனக்கு எதற்கென்று விளங்கவில்லை.

மறுநாள் வளவுப் பெண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள்.

"அவ எதுக்கு மூஞ்சிய மூடிருக்கா?"

இடுப்பில் செருகியிருந்த, அவள் தந்த துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

"மில்லுல பஞ்சுத் தூசி தாங்கல. நானுந்தான் கட்டியிருக்கேன், எனக்கு என்ன சீக்கா?"