ஐந்தாவது போன்

தன் செயலியை ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் ஐந்து பழைய போன்களையும் துண்டின்மேல் வரிசையாக வைத்து, ஆசீர் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். ஐந்தாவதற்கு மூலை உடைந்திருக்கிறது. அதைத்தான் அதிக நேரம் துடைக்கிறார். "இதுல ஓடுச்சுன்னா எதுலயும் ஓடும்ங்க" என்பார்.

ஸ்ரீரங்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அறை. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. பச்சைமலை பஸ் நேரம் சொல்லும் செயலி மட்டும் சொந்த ஆசை. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் நேரங்களைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். நேரம் மாறினால் புதுப் பதிப்பு அனுப்ப வேண்டும்.

முதலில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதினார். எல்லோரும் கோட்லின் என்ற புது மொழிக்கு மாறுகிறார்கள் என்றதும் நாற்பத்திரண்டு வயதில் அதைப் படித்து, முழுவதையும் மாற்றினார். பிறகு செயலியின் திரையை வடிவமைக்க வேறொரு முறை வந்தது. "மூணு தடவ எழுதிட்டேன். பஸ் என்னவோ அதே பஸ்தான்." செயலிகளை வெளியிடும் ஸ்டோர்க்காரர்களின் மின்னஞ்சலை இப்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்கிறார்.

சென்ற மாதமும் ஒன்று வந்தது. புது விதிப்படி மாற்றாவிட்டால் செயலியை நீக்கிவிடுவார்களாம். மாற்றினார். நான்கு போன்களில் ஓடியது. ஐந்தாவதில் ஏறவே இல்லை. அவ்வளவு பழைய போன்களை, செயலி எழுதும் புதுக் கருவிகள் கைவிட்டிருந்தன. பழைய கருவியில் செய்த கோப்பை, ஸ்டோர் வழியாக இல்லாமல் மலைக்காரர்களுக்கு நேரடியாக அனுப்பிப் பார்த்தார். 'ஆபத்து' என்று போன் சிவப்பில் மிரட்டியதால் மலையில் யாரும் அதைத் தொடவில்லை.

அதே வாரம், துறையூரிலிருந்து மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸின் நேரம் மாறியது. மரவள்ளிக்கிழங்கு விற்க வந்த ராக்கம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை மலையேறும் பஸ்ஸிலிருந்து, செயலியில் இருந்த எண்ணில் ஆசீரை அழைத்தார்.

"ஏன் தம்பி, இதுல அஞ்சு நாப்பதுன்னுதானே காட்டுது?"

"அஞ்சு பத்துன்னு மாத்திட்டேங்கம்மா. உங்க போனுக்கு வராது. பழசாயிடுச்சாம்."

"யாரு சொன்னா? நல்லாத்தானே பேசுது!"

யார் சொன்னது என்று ஆசீருக்கும் தெரியாது. ஸ்டோரின் அந்த மின்னஞ்சலின் அடியில் ஆள் பெயரே இல்லை.

"இனிமே அஞ்சு மணிக்கே வந்துடுங்கம்மா."

"நான் வந்துருவேன். எங்க ஊர்ல பாதிப் பேரு இந்த போனுதான். அவங்களுக்கு?"

பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆசீர் மேசை இழுப்பறையில் பிளாஸ்திரியைத் தேடி எடுத்து, ஐந்தாவது போனின் திரையில் பழைய பதிப்பு காட்டிய 5.40-க்கு மேல் ஒட்டினார். அதன்மேல் பேனாவால் 5.10 என்று எழுதி, போனைச் சார்ஜில் போட்டார்.