எங்கள் வீட்டுக்கு வந்த எண்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த அத்தா எனக்காக வாங்கி வைத்துவிட்டுப் போனது அது. எனக்காக என்று பெயர். அதில் நான் சீட்டு விளையாடியதோடு சரி.

பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதில் எதையோ ஏற்றினார். உலகம் முழுக்கப் பலர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை இரவல் கொடுத்து, இதுவரை யாரும் கண்டிராத பெரிய பகா எண்ணைத் தேடுகிறார்களாம். ஆளுக்கு ஓர் எண் வரும். அது பகா எண்தானா என்று கம்ப்யூட்டர் தானாகவே கணக்குப் போட்டுச் சொல்லும். எங்களுக்கு வந்த எண்ணை முழுதாக எழுதினால் வீட்டுச் சுவர் அத்தனையும் போதாது என்றார் மாமா.

"அது பகா எண்ணா இருந்துச்சுன்னா, கண்டுபிடிச்சது நீதான்னு உன் பேரு வரும்க்கா."

"எத்தினி நாளாவும்?"

"நிறுத்தாம ஓடுனா நாப்பது நாளு."

அன்றிலிருந்து காலைத் தொழுகை முடிந்ததும் அம்மா போய் நிற்கிற இடம் அந்தத் திரையாகிவிட்டது. எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறதென்று காலண்டர் தாளில் குறித்துக்கொள்வாள். எங்கள் ஊர் மரக்காணத்தின் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும். உப்பளத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திய அம்மா பிறகு திறக்கவே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உலகத்திலேயே பெரிய பகா எண் எங்கள் வீட்டில் இருக்கிறது என்றே சொன்னேன். கணக்கு டீச்சர் சிரிக்காமல், நூற்றுக்குள் இருக்கும் பகா எண்களைச் சொல்லச் சொன்னார். மூன்றால் வகுபடும் ஐம்பத்தொன்றையும் நான் சேர்த்துச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. இருக்கட்டும், நாற்பது நாள் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கு தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் இருக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது கம்ப்யூட்டர் வரவில்லை. மாமாவுக்குப் பரீட்சை, போனிலும் கிடைக்கவில்லை. அம்மா சுவிட்சை நாலைந்து தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு பர்தாவை மாட்டிக்கொண்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றி, "கெளம்புடி" என்றாள். கோட்டக்குப்பத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட யாராவது வந்து கூட்டிப் போனால்தான் போகிறவள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"என்னாம்மா அது, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டருங்க. கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க."

பாண்டிச்சேரியில் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு பாகம் துருப்பிடித்துவிட்டது என்று வேறு மாட்டினார். "அப்டியே உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடட்டுமாம்மா? ஸ்பீடா இருக்கும்" என்றார்.

அம்மா எழுந்து பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டாள். "வேணாங்க! அதுல ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருக்குது. தொண்ணூத்தி மூணு வந்துடுச்சு."

அவர் ஒன்றும் புரியாமல் சுவிட்சைப் போட்டார். திரை வெளுத்தது. கணக்கின் ஜன்னல் தானாகத் திறந்தது. தொண்ணூற்று மூன்று. விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. அம்மா பர்தா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் கணக்கு முடிந்தது. மாமாவும் வந்திருந்தார். திரையைப் படித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "பகா எண் இல்லக்கா."

நான் ஓவென்று அழுதேன். வகுப்பில் எப்படி முகத்தைக் காட்டுவேன்?

அம்மா அழவில்லை. "அப்ப இல்லன்னு தெரிஞ்சிடுச்சுல்ல? இந்த நம்பர இனிமே யாரும் தேட வேணாம்ல?" என்று கேட்டாள்.

"வேற எங்கியாவது ஒருத்தர் இன்னொரு வாட்டி சரிபாப்பாங்க. அதோட அந்த நம்பரு முடிஞ்சிடும்க்கா."

சாயங்காலம் அத்தா போன் செய்தார். "முடிச்சிட்டேங்க" என்றாள் அம்மா. அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா முடிச்சிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படி பாதியில் நின்றிருந்தது. அம்மாவின் படிப்பு பத்தாவதோடு நின்றிருந்தது. அடுத்த வருஷம் ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று அத்தா ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட்டுப் போவார். அம்மா கைவைத்த ஒன்று நூறு சதவீதம் ஆனது அன்றுதான் முதல் தடவை. பதினொரு வயதில் எனக்கு அது தெரியவில்லை. தோற்றுப்போன பிறகும் எதற்காக மாமாவிடம் அடுத்த நம்பரைக் கேட்கிறாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.